போகாத ஊருக்கு வழி

போகாத ஊருக்கு வழி கேட்பவனைக் கண்டால் நாம் சிரிக்கிறோம். அவனைக் காட்டிலும் ஒரு படி மேலே போய், இல்லாத ஊருக்கு இத்தனை மைல் என்று நூல் பிடித்து அளந்து, நடுவில் எத்தனை ஆறு, எந்த ஆற்றில் பாலம் உண்டு, எந்த ஆற்றை ஓடத்தில் கடக்க வேண்டும், அந்த ஊர்ப் பிரபுவின் கொடியிலுள்ள கரடி நிற்கிறதா, நடக்கிறதா என்றெல்லாம் எழுதி வைக்கிறவர்களை என்னவென்று சொல்வது? சித்தம் கலங்கியவர்கள் என்றுதான் நேயர்களில் பலருக்குச் சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறவர்கள் அல்ல. பகலில் தங்கள் உத்தியோகத்தைப் பார்த்துவிட்டு, இரவில் சாப்பாடு ஆன பிறகு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராத நிலையிலேயே கூடி உழைக்கிறவர்கள். அவர்களுடைய காரியத்தைச் சற்றே நெருங்கிப் பார்த்தால், சிரிப்பு நின்று ஒரு விதமான மரியாதை பிறந்துவிடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

நான் குறிப்பிடுவது அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் சிருஷ்டித்த வெஸ்டரோஸ் என்னும் தேசத்தை. "எ ஸாங் ஆப் ஐஸ் அண்ட் பயர்" என்ற அவருடைய நாவல் தொடரின் முதல் பாகம் 1996-ம் வருஷத்தில் வெளியாயிற்று. ஏழு பாகங்கள் என்பது திட்டம். 2011-க்குள் ஐந்து பாகங்கள் வந்தன. அதற்குப் பின் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தும் ஆறாவது பாகத்தை வாசகர்கள் காணவில்லை. இதற்கிடையில் அந்தக் கதை "கேம் ஆப் த்ரோன்ஸ்" என்ற பெயரில் தொலைக்காட்சித் தொடராகி, 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்கள் ஓடி, நாவலைத் தொடாதவர்களின் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. அதில் சிம்மாசனத்துக்காக அடித்துக்கொள்ளும் குலங்கள் எத்தனையோ. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கோட்டை, ஒரு கொடி, ஒரு விருது வாக்கியம் உண்டு. சோழருக்குப் புலி, பாண்டியருக்குக் கயல், சேரருக்கு வில் என்று மூன்றே மூன்றை மனப்பாடம் செய்து பரீக்ஷையில் தேறியவர்கள் நாம். வெஸ்டரோஸ் வாசகனோ நூற்றுக்கணக்கான கொடிகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது!

மனித மூளை அத்தனையையும் தாங்காது. ஆகையால் ரசிகர்கள் கூடி ஒரு கலைக்களஞ்சியம் எழுத ஆரம்பித்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற முறையில் எழுதப்படும் களஞ்சியத்துக்கு "விக்கி" என்று பெயர். 1995-ல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் இந்த ஏற்பாட்டை முதலில் செய்தார். ஹவாய்த் தீவின் பாஷையில் "விக்கி" என்றால் விரைவு என்று அர்த்தமாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் ஒரே ரகளையாக அல்லவா இருக்கும் என்று கேட்பீர்கள். ரகளை உண்டுதான். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய பிரதி எதுவும் அழிவதில்லை. யார், எந்தத் தேதியில், எந்த எழுத்தை மாற்றினார் என்பது முழுவதும் பதிவாகிவிடும். கெடுத்தவனைக் கண்டுபிடிக்கவும், கெட்டதை ஒரு நொடியில் பழையபடி ஆக்கவும் முடியும். கிராமத்துக் கர்ணம் இப்படிக் கணக்கு வைத்திருந்தால் பாதி வியாஜ்யங்கள் கோர்ட்டுக்கே வந்திரா.

முதலில் பூகோளப் படத்தின் கதையைச் சொல்கிறேன்.

நாவலின் முன்பக்கத்தில் தேசப்படம் அச்சிட்டிருக்கிறது. ஆனால் இத்தனை அங்குலத்துக்கு இத்தனை மைல் என்ற அளவுகோல் அதில் கிடையாது. இது மறதியால் நேர்ந்ததல்ல. ஆசிரியர் வேண்டுமென்றே செய்தது. அளவுகோலைக் கொடுத்தால் ரசிகர்கள் அடிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து, "இன்ன பாத்திரம் இத்தனை நாளில் இவ்வளவு தூரம் போயிருக்க முடியாது" என்று தம்மைக் குடைந்தெடுப்பார்கள் என்பதால் அதைத் தாம் தெளிவில்லாமல் விட்டுவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ரசிகர்களைப் பற்றி அவர் போட்ட கணக்கு சரி. அவர்களை ஏமாற்றிவிடலாம் என்று போட்ட கணக்குத்தான் தப்பாகப் போயிற்று.

ஏனென்றால், அந்தத் தேசத்தின் வட எல்லையில் பனிக்கட்டியாலான பிரம்மாண்டமான மதில் ஒன்று இருக்கிறது. அதன் நீளம் நூறு லீக், அதாவது முந்நூறு மைல் என்று கதையில் வந்துவிடுகிறது. உயரம் எழுநூறு அடி. போதாதா? படத்தில் மதிலின் நீளத்தை ஒரு நூலால் அளந்துகொண்டார்கள். அந்த நூலே முந்நூறு மைல் அளவுகோல் ஆயிற்று. அதை வைத்து மதிலிலிருந்து தென்கோடி வரையில் தாண்டித் தாண்டிப் பார்த்ததில் ஏறக்குறைய மூவாயிரம் மைல் என்று விடை வந்தது. காஷ்மீரத்தின் வடமுனையிலிருந்து கன்யாகுமரி வரையில் சுமார் இரண்டாயிரம் மைல். அதைப்போல் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். தென்னமெரிக்காவின் அளவு இருக்கும் என்று ஆசிரியர் ஒரு சமயம் சொல்லி வைத்தார். தென்னமெரிக்காவோ வடக்கே தெற்கே நாலாயிரத்து ஐந்நூறு மைலுக்கு மேல் நீளமுள்ளது. அப்படியானால் மதிலுக்கு அப்பாலுள்ள பனிப் பிரதேசத்தையும் சேர்த்துக்கொண்டாக வேண்டும். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு எத்தனை இரவுகள் விவாதம் நடந்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மதிலின் உயரத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. தொலைக்காட்சிக்காரர்கள் மதில் காட்சிகளைப் படம் பிடிப்பதற்கு வடக்கு அயர்லாந்தில் ஒரு கல்குவாரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே சுமார் நானூறு அடி உயரமுள்ள செங்குத்துப் பாறையை மார்ட்டின் அண்ணாந்து பார்த்தார். பார்த்ததும், தாம் எழுதிய எழுநூறு அடி அளவுக்கு மீறிய உயரம் என்பது அவருக்கே புலப்பட்டுவிட்டது. ஆனால் களஞ்சியத்தில் எழுநூறு அடி எழுநூறு அடியாகவே நிற்கிறது. புத்தகத்தில் உள்ளது அதுதானே? அதைக் குறைக்கும் அதிகாரம் ரசிகனுக்கு ஏது!

இதுதான் இவர்களுடைய சாஸ்திரத்தின் மூலசூத்திரம். நூலில் உள்ளதை எழுது. நூலில் இல்லாததை எழுதாதே. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

ஒரு சிறு கிராமத்தைப் படத்தில் குறிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் தேசப்படத்தில் அதைக் காட்டவில்லை. ஓர் அத்தியாயத்தில், ஒரு வீரன் காலையில் இன்ன கோட்டையிலிருந்து புறப்பட்டு, ஆற்றை இடது கையில் வைத்துக்கொண்டு சவாரி செய்து, பொழுது சாயும் வேளைக்கு அந்தக் கிராமத்தை அடைகிறான். வேறோர் அத்தியாயத்தில், குடிபோதையில் இருக்கும் ஒருவன் அதே கிராமம் மலையடிவாரத்தில் இருப்பதாகச் சொல்கிறான். குதிரை நாளொன்றுக்கு முப்பது மைல் போகும் என்று கொள்வதா, நாற்பது மைல் என்று கொள்வதா? மழை பெய்ததா? குடிகாரன் பேச்சை நம்புவதா? கோர்ட்டில் சாக்ஷிகளை விசாரிப்பது போல் ஒவ்வொரு வாக்கியத்தையும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். மார்ட்டினின் நாவலில் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் கண் வழியாகவே நடப்பதால் இந்த விசாரணை இன்னும் அவசியமாகிறது. அந்தப் பாத்திரம் அறிந்ததைத்தான் அது சொல்லும். தப்பாக அறிந்திருந்தால் தப்பாகச் சொல்லும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தால், ஆதாரமான அத்தியாயத்தின் எண்ணை அடியில் குறிக்க வேண்டும். பக்க எண்ணைக் காட்டினால் பிரயோஜனம் இல்லை. லண்டன் பதிப்பின் பக்கம் நியூயார்க் பதிப்பில் வேறாகிவிடும் அல்லவா? முடிவுக்கு வர முடியாவிட்டால், இது ஊகம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்த வித்தையை இவர்களே கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் "த லார்ட் ஆப் த ரிங்ஸ்" நாவலை 1954-55-ல் வெளியிட்டபோது, அதற்குரிய படத்தை அவருடைய குமாரர் கிறிஸ்டபர் வரைந்து கொடுத்தார். பிறகு, பூகோள சாஸ்திரமும் படம் வரையும் கலையும் முறையாகக் கற்ற காரென் வின் பான்ஸ்டட் என்ற அமெரிக்க அம்மையார், அந்தக் கதையில் யார் எந்த நாள் எவ்வளவு தூரம் நடந்தார்கள், இரவில் எங்கே தங்கினார்கள் என்பதையெல்லாம் கூட்டிக் கழித்து, 1981-ல் ஒரு முழு அட்லாஸையே வெளியிட்டார். மலைகள் உண்டான விதத்தைக்கூட அவர் ஆராயாமல் விடவில்லை. டோல்கீன் மறைந்து அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. சந்தேகம் வந்தால் போய்க் கேட்பதற்கு ஆள் இல்லை. 2015-ல் ஒரு பழைய தாள் அகப்பட்டது. பாலின் பெய்ன்ஸ் என்ற சித்திரக்காரி 1970-ல் வெளியான சுவர்ப்படத்தை வரைவதற்காக டோல்கீனிடம் யோசனை கேட்டபோது, அவர் தேசப்படத்தின் மேல் தம் கைப்பட எழுதித் தந்த குறிப்புகள் அதில் இருந்தன. அவருடைய குள்ளர்கள் வாழும் ஹாபிட்டன் கிராமம் ஆக்ஸ்போர்டின் அட்சரேகையில் இருக்கிறது, மினாஸ் டிரித் நகரம் இத்தாலியிலுள்ள ரவென்னாவின் அட்சரேகையில் இருக்கிறது என்று அவர் குறித்திருந்தார். மறு வருஷம் அந்தத் தாளை ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தார் வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டார்கள். ஆசிரியரின் கையெழுத்தில் நாலு சொல் என்றால் அவ்வளவு மதிப்பு!

நிற்க. கொடிகளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஐரோப்பாவில் பிரபுக்களின் கேடயத்தில் எழுதும் குலச்சின்னங்களுக்கு ஒரு தனி சாஸ்திரம் உண்டு. இங்கிலாந்தில் அதைக் கவனிப்பதற்கென்றே 1484-ல் மூன்றாம் ரிச்சர்டு மன்னன் ஒரு சபையை ஸ்தாபித்தான். அந்த சாஸ்திரத்தின் அழகு என்னவென்றால், சின்னம் என்பது படம் அல்ல. அது ஒரு வாக்கியம். "சிவப்புத் தளத்தில் பொன்னிறச் சிங்கம், பின்னங்கால்களில் எழுந்து நிற்பது" என்று சொல்லிவிட்டால் சின்னம் நிச்சயமாகிவிட்டது. நீங்கள் வரைகிற சிங்கம் ஒல்லியாக இருக்கலாம். நான் வரைகிறது, என் சித்திரத் திறமையை உத்தேசித்துச் சொன்னால், நாயைப் போல் இருக்கலாம். இரண்டும் சரியே. ஆனால் என் சிங்கம் நான்கு காலையும் ஊன்றி நடந்தால் அது வேறு குலத்தின் சின்னம் ஆகிவிடும். ஸ்காட்லாந்து அரசனின் சிங்கம் எழுந்து நிற்பது. இங்கிலாந்து அரசனின் மூன்று சிங்கங்களும் நம்மைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பவை.

ஒருவருக்கொருவர் முகம் அறியாத பல பேர் பல தேசங்களில் இருந்துகொண்டு ஒரே வேலையைச் செய்ய முடிவதற்குக் காரணம் இந்த வாக்கியம்தான். ஒருவர் நாவலைப் படித்து வர்ணனையைத் திரட்டுகிறார். இன்னொருவர் அதைச் சின்ன சாஸ்திரத்தின் பரிபாஷையில் எழுதுகிறார். மூன்றாமவர் கேடயத்தை வரைகிறார். நான்காமவர் படத்தையும் வாக்கியத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, மான் திரும்பியிருக்கும் பக்கம் தப்பு என்கிறார். இந்தக் கடைசித் தப்பு அடிக்கடி நேர்வது. ஏனெனில் சின்ன சாஸ்திரத்தில் வலம் இடம் என்பவை கேடயத்தைப் பிடித்திருக்கும் வீரனுடைய வலமும் இடமும். எதிரே நின்று பார்க்கிற நமக்கு வலம் என்பது இடப்பக்கமாக வரும். புதிதாக வந்தவர்கள் இங்கே ஒரு முறை இடறி விழாமல் இருப்பதில்லை.

வர்ணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொன், வெள்ளி இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஐந்தும் வர்ணம். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, வர்ணத்தின் மேல் வர்ணம் கூடாது என்பது விதி. யுத்தகளத்துப் புழுதியில் தூரத்திலிருந்து அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. கறுப்பு மையில் மட்டும் அச்சிடும் புத்தகங்களில் வர்ணத்தை எப்படிக் காட்டுவது? அதற்கும் வழி இருக்கிறது. புள்ளி வைத்தால் பொன். நெடுக்குக் கோடு சிவப்பு. குறுக்குக் கோடு நீலம். பெட்ரா ஸாங்க்டா என்ற பாதிரியார் 1638-ல் வெளியிட்ட நூலின் மூலம் பரவிய முறை இது.

இப்போது மார்ட்டினின் குலங்களைப் பாருங்கள். ஸ்டார்க் குலத்துக்கு வெண்ணிறத் தளத்தில் ஓடும் சாம்பல் நிற ஓநாய். லானிஸ்டருக்குச் சிவப்பில் பொன் சிங்கம். பராத்தியனுக்குப் பொன்னில் கிரீடமணிந்த கருங்கலைமான். கிரேஜாய்க்குக் கறுப்பில் பொன்னிற ராட்சசக் கணவாய். இவை விதிக்குப் பொருந்தியவை. ஆனால் டார்கேரியன் வம்சத்துக்குக் கறுப்பின் மேல் சிவப்பான மூன்று தலை டிராகன். வர்ணத்தின் மேல் வர்ணம்! மார்ட்டெல் குலத்துக்கு ஆரஞ்சுத் தளத்தில் சிவப்புச் சூரியனைப் பொன் ஈட்டி துளைக்கிறது. போல்டன் குலத்துக்கு இளஞ்சிவப்புத் தளத்தில் தோலுரிக்கப்பட்ட மனிதன். சாஸ்திரம் கற்ற பண்டிதர் யாராவது வந்து, இதெல்லாம் விதிக்கு விரோதம், திருத்த வேண்டும் என்று வாதாடுவதுண்டு. அவருக்குக் கிடைக்கும் பதில் இதுதான்: "ஐயா! விதி இங்கிலாந்தினுடையது, இந்தத் தேசம் வேறு." ஜெருசலேம் ராஜ்யத்தின் சின்னமே வெள்ளியின் மேல் பொன் சிலுவையாக, விதியை மீறித்தான் இருந்தது என்பதையும் யாராவது எடுத்துக்காட்டிவிடுவார்கள்.

வர்ணத்தை மாற்றுவது சாதாரண விஷயம் என்று எண்ணிவிடக் கூடாது. டார்கேரியன் வம்சத்தில் பிறந்த டேமன் பிளாக்பையர் என்பவன் மணமாகாத தாய்க்குப் பிறந்தவன். அந்தத் தேசத்தில் அப்படிப்பட்டவர்கள் குலச்சின்னத்தின் வர்ணங்களைத் தலைகீழாக்கிக் கொள்வது வழக்கம். ஆகையால் அவனுடைய கொடி, சிவப்பில் கறுப்பு டிராகன். பின்னர் அவன் சிம்மாசனத்துக்கு உரிமை கொண்டாடிக் கலகம் செய்கிறான். கறுப்பில் சிவப்பு என்றால் அரசன் பக்கம். சிவப்பில் கறுப்பு என்றால் கலகக்காரன் பக்கம். படம் வரைகிறவர் இரண்டு சாயத்தை இடம் மாற்றிவிட்டால் ராஜ விசுவாசி ராஜத் துரோகி ஆகிவிடுகிறான்!

இந்தச் சின்னங்களைத் தேடித் திரட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள் எலியோ கார்ஸியா, லிண்டா ஆண்டன்ஸன் என்ற தம்பதிகள். ஸ்வீடன் தேசத்தில் வசிப்பவர்கள். நாவலில் அகப்பட்ட கொடிகளையெல்லாம் தொகுத்ததோடு நில்லாமல், நூலில் இடம் பெறாத சில குலங்களின் சின்னத்தை ஆசிரியரிடமே எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இங்கேதான் அவர்களுடைய நாணயத்தைக் கவனிக்க வேண்டும். ஆசிரியரே சொன்னதாயிற்றே என்று அவற்றை மற்றவற்றோடு கலந்துவிடவில்லை. நூலில் அச்சானது ஒரு வகுப்பு. ஆசிரியர் தனியாகத் தெரிவித்தது அதற்கு ஒரு படி கீழான வகுப்பு. ஏன்? கடிதத்தில் சொன்னதை ஆசிரியர் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். அச்சில் ஏறியதை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது. நாளடைவில், தம் கதையிலேயே ஒரு விவரம் மறந்துபோனால் கார்ஸியாவிடம் விசாரித்துக்கொள்கிற நிலைமைக்கு மார்ட்டின் வந்துவிட்டார். 2014-ல் அந்தக் கற்பனை உலகத்தின் சரித்திரம் பெரிய சித்திரப் புத்தகமாக வெளியானபோது, அட்டையில் மார்ட்டினோடு இந்தத் தம்பதிகளின் பெயரும் இருந்தது.

ஆனால் எல்லோருக்கும் அட்டையில் பெயர் கிடைப்பதில்லை. நூறு கேடயங்களை வரைந்துவிட்டுப் புனைபெயரோடு மறைந்துபோனவர்கள்தான் அதிகம். அச்சில் வந்த தேசப்படம் பதிப்பாளரின் சொத்து. அதை அப்படியே எடுத்துப் போட முடியாது. ஆகையால் கடற்கரையின் ஒவ்வொரு வளைவையும் புதிதாக வரைய வேண்டியிருக்கிறது. வரைந்ததை நாளைக்கு வேறொருவர் வந்து திருத்துவார். திருத்தியதை இவர் மாற்றுவார். தொலைக்காட்சித் தொடர் பிரபலமான பிறகு இந்தச் சச்சரவு பெருகிவிட்டது. நாவலில் ஓநாய் முழு உருவமாக ஓடுகிறது. தொலைக்காட்சிக்காரர்கள் பிரபலமாக்கியதோ ஓநாயின் தலையை மட்டும். திரையில் பார்த்தவர்கள், "தலைதான் சரி; நானே கண்ணால் பார்த்தேன்" என்று சாதிப்பார்கள். நாவலுக்கும் திரைக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்தாலொழிய மீள முடியாது.

என் நண்பர் ஒருவர், எதையும் லாப நஷ்டக் கணக்கில் பார்க்கிறவர், இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இந்த உழைப்பில் பாதியை நிஜமான ஊர் ஒன்றின் ஏரி குளங்களைப் படம் போடுவதில் செலவழித்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. நிஜமான ஊர்களுக்கும் இதே முறையில் தொண்டர்கள் கூடிப் படம் வரைவது உண்டு என்றும், 2004-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த அந்த முயற்சி உலகம் முழுவதும் பரவியிருக்கிறது என்றும் அவருக்குச் சொன்னேன். அங்கே சந்தேகம் வந்தால் எழுந்து போய் ஏரிக் கரையில் நின்று பார்த்துவிடலாம். வெஸ்டரோஸில் போய் நிற்பதற்குக் கரை கிடையாது. ஐந்து புத்தகங்களும், ஆசிரியர் அவ்வப்போது சொல்லி வைத்த சில சொற்களும் தவிர வேறு நிலம் இல்லை. அதிலே ஒருவர் தம் ஆசைக்கு ஒரு மலையை வரைந்துவிட்டால், அது பொய் என்று நிரூபிக்கும் வழியே இல்லாமல் போய்விடும். இரண்டு வருஷத்தில் நாலு பேர் அதை நகல் எடுப்பார்கள்; யாரோ பனியனில் அச்சடித்து விற்பார்கள்; பிறகு அந்தப் பனியனையே ஆதாரமாகக் காட்டி, "மலை இருக்கிறதே!" என்பார்கள். மார்ட்டின் 1948-ல் பிறந்தவர். அவர் எழுதியது எது, மற்றவர்கள் சேர்த்தது எது என்று பிரித்துக் காட்டும் கணக்கு இப்போது ஒழுங்காக இல்லாவிட்டால் பின்னால் யாராலும் பிரிக்க முடியாது. நம்முடைய பழைய ஏடுகளில் இடைச்செருகல் எது, மூலம் எது என்று தெரியாமல் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நண்பர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாயடைத்துப் போனார் என்று அதற்கு அர்த்தமல்ல, காப்பி வந்துவிட்டது.

இந்தச் சில்லறை விஷயங்களில் ஆசிரியருக்கே எவ்வளவு அக்கறை என்பது 2024-ல் வெளியாயிற்று. அவருடைய டிராகனுக்கு இரண்டே கால்கள். பறக்கிற பிராணிக்கு இரண்டு இறக்கையும் இரண்டு காலும் இருக்கலாமே தவிர, நான்கு காலும் இரண்டு இறக்கையும் சேர்ந்து எந்தப் பறவைக்கும் வௌவாலுக்கும் இல்லை என்பது அவர் கட்சி. தொலைக்காட்சித் தொடரின் ஆரம்பப் பருவங்களில் டார்கேரியன் கொடியிலும் இரண்டு கால்கள்தான் இருந்தன. பின்னால் எப்படியோ நான்கு ஆகிவிட்டன. 2022-ல் தொடங்கிய "ஹவுஸ் ஆப் த டிராகன்" தொடரிலும் அந்த நான்கு கால்களே தொடர்ந்தன. ஆங்கிலச் சின்ன சாஸ்திரத்தில் நான்கு கால் இருந்தால்தான் டிராகன். இரண்டு கால் இருந்தால் அதற்கு வைவர்ன் என்று வேறு பெயர். அந்தப் புத்தகத்தை யாரோ புரட்டிப் பார்த்துவிட்டுத் "திருத்தி" விட்டார்கள் போலும் என்று மார்ட்டின் மனம் நொந்து எழுதினார். லக்ஷக்கணக்கான டாலர் செலவழித்துத் தொடர் தயாரிக்கிறவர்கள் கோட்டைவிட்ட இரண்டு கால்களை, கூலியில்லாத ரசிகர்கள் வருஷக்கணக்கில் எண்ணிக் காப்பாற்றி வந்திருந்தார்கள்.

கடைசியாக, 2012-ல் மார்ட்டினின் அனுமதியோடு பன்னிரண்டு தேசப்படங்கள் ஒரு பெட்டியில் வெளிவந்தன. ஜானதன் ராபர்ட்ஸ் என்பவர் வரைந்தவை. கிழக்குத் தேசங்களின் இருப்பிடத்தை அதற்கு முன் ஊகமாக வரைந்து வைத்திருந்த ரசிகர்கள் தங்கள் படங்களை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில ஊர்கள் பொருந்தின. சில ஊர்களை வெகு தூரம் நகர்த்த வேண்டியிருந்தது; ஊகம் என்று அடியிலேயே எழுதியிருந்தபடியால் யாருக்கும் வெட்கம் இல்லை. அந்தப் பெரிய படத்தின் தென்கிழக்கு மூலையில், ஆஷாய் என்ற இருண்ட நகரத்துக்கும் தெற்கே, உல்தோஸ் என்று ஒரு பெயரும் அதன் பக்கத்தில் கரையின் ஒரு துண்டும் தெரிகின்றன. அது தீவா கண்டமா, அங்கே மனிதர் உண்டா, அவர்களுக்குக் கொடி உண்டா என்று கேட்டு எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காடு ஒன்றையாவது போட்டு வைக்கலாமே என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. களஞ்சியத்தார் போடுவதில்லை. வடகரைக்கு ஒரு கோடு இருக்கிறது. அதற்குத் தெற்கே வெறும் காகிதம்.